தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது? விமானப் பயணக் கேள்வி பதில்

லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம். திரும்பும்போது 7 தான். பூமி சுற்றுவதால்தானே?

இல்லைங்க. என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பூமி சுற்றும்போது காற்றும் அதோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் அந்தக் கணக்கு இதில் வராது. உண்மையான காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம்.

இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 5,500 கி.மீ. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து 150 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளினால் தரைக் கணக்கில் 1,050. ஐந்தேகால் மணியில் கடந்துவிடலாம். அதே காற்று எதிரே அடித்தால் 750. ஏழு மணி இருபது நிமிடம் பிடிக்கும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதால் நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவு வராது.

2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரை வேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முறை இருக்கைத் திரையில் தரை வேகத்தையும் காற்றின் வேகத்தையும் பாருங்கள், கண்ணெதிரே புரியும்.

லண்டன் - லாஸ் ஏஞ்சலிஸ் விமானம் ஏன் கிரீன்லாந்து பக்கம் போகிறது? சுற்று வழி இல்லையா?

அதுதான் குறுக்கு வழி! ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். தட்டையான வரைபடத்தில்தான் அது வளைவாகத் தெரிகிறது. இணையத்தில் வரும் 'விமானத் தூரம்' இந்த நூலின் நீளம்தான்.

தூரக் கணக்குத் தளம் 1 மணி 10 நிமிடம் என்றது. டிக்கெட்டில் 1 மணி 45. எது சரி?

டிக்கெட்டை நம்புங்கள். அதில் இருப்பது விமானம் நிலைய வாசலை (கேட்) விட்டு நகர்ந்ததிலிருந்து, இறங்கிய இடத்தில் வாசலில் நிற்கும் வரையான நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, தாமதத்துக்காகச் சேர்த்து வைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நானே தோராயமாகக் கணக்கிட முடியுமா?

முடியும். கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். 3,400 கி.மீ. என்றால் நாலரை மணி.

காற்று ஒரே மாதிரி இருந்தால் நேரம் மாறாதுதானே?

வழியே மாறலாம். 2022 இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஏறக்குறைய ஒன்பதரை மணியில் முடிந்த ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் 13 மணியாக நீண்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, நூலின் நீளமும் அதேதான்.

காலை 10க்குப் புறப்பட்டு 1 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. 3 மணி நேரப் பயணமா?

லண்டன் - நியூயார்க் என்றால், இல்லை. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். 5 மணி வித்தியாசத்தைக் கூட்டினால் 8. சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் இந்த 8ஐ வைத்தே திட்டமிடுங்கள்.