ஒரே நீரிணை, பல கடற்படைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூர் நீரிணையில் கப்பல்களில் நடக்கும் திருட்டுகளைப் பற்றியும், அவற்றைத் தடுக்க நாடுகள் சேர்ந்து மேற்கொள்ளும் காவலைப் பற்றியும் வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மலாக்கா நீரிணையை ஒட்டியுள்ள நாடுகள் தங்கள் கப்பல்களைச் சேர்த்து, ஒரே தளபதியின்கீழ் ஒரு கூட்டுக் கடற்படையை ஏன் அமைக்கக்கூடாது? கொள்ளையர்களுக்கு இல்லாத எல்லை காவலுக்கு மட்டும் எதற்கு?
— வாசகர், ஈசூன்

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கொள்ளையர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்; அவர்களின் பிழைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள நீர்ப்பரப்பைத் தன் ஆட்சிக்கடலாகக் கொள்ள ஒவ்வொரு கடலோர நாட்டுக்கும் உரிமை உண்டு என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாட்டின் இறுதிக் கட்டத்தில் அதற்குத் தலைமை வகித்தவர் சிங்கப்பூரின் பேராசிரியர் டாமி கோ. தன் கடலில் குற்றம் புரிந்த படகை ஒரு நாட்டின் கப்பல் வெளியே விரட்டிச் செல்லலாம். ஆனால் அந்தப் படகு இன்னொரு நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் நுழைந்ததும் விரட்டும் உரிமை முடிந்துவிடுகிறது. மூன்று நாடுகளின் நீர்ப்பரப்புகள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் நம் பகுதியில், விரைவுப்படகு வைத்திருப்பவனுக்குச் சில நிமிடங்களே போதும்.

கூட்டுக் கடற்படை அமைந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் தன் ஆட்சிக்கடலில் பிற நாட்டுப் போர்க்கப்பல் கைது நடவடிக்கை எடுப்பதற்கு இந்தோனீசியாவோ மலேசியாவோ இசையாது. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வட்டாரக் கடல் பாதுகாப்புக்கென அமெரிக்கா முன்வைத்த ஒரு திட்டத்தின்படி அமெரிக்கப் படைகள் நீரிணைக்கே வந்து காவல் புரியக்கூடும் என்ற செய்தி பரவியபோது, அவ்விரு நாடுகளும் வெளிப்படையாக எதிர்த்தன. நீண்ட காலம் அந்நியர் ஆட்சியில் இருந்து மீண்ட நாடுகளின் இந்த உணர்வைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

அதே ஆண்டு ஜூலை மாதம் இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தன. ஒவ்வொரு நாட்டின் கப்பலும் தன் நீர்ப்பரப்பிலேயே சுற்றுக்காவல் புரியும். ஆனால் காவல் அட்டவணையைச் சேர்ந்து வகுப்பார்கள், கப்பல்களுக்கிடையே நேரடித் தொடர்பு இருக்கும், சந்தேகத்துக்குரிய படகு எல்லையைக் கடந்தால் அதைப் பின்தொடரும் பொறுப்பை அடுத்த நாட்டிடம் ஒப்படைப்பார்கள். 2005 செப்டம்பரில் வான்வழிச் சுற்றுக்காவல் தொடங்கியபோது ஒரு படி கூடுதலாகவே முன்னேறினார்கள்: பிற நாட்டு அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்ட கண்காணிப்பு விமானங்கள், கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவு வரை அண்டை நாட்டுக் கடலின் மேலும் பறக்க இசைவு தரப்பட்டது. தாய்லாந்து 2008இல் சேர்ந்தது.

இதனால் பயன் விளைந்ததா என்று கேட்டால், 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் போர் அபாயக் குழு மலாக்கா நீரிணையை ஆபத்தான பகுதிகளின் பட்டியலில் சேர்த்ததையும், 2006 ஆகஸ்ட்டில் நீக்கியதையும் நினைவுபடுத்துவேன். காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தால் அந்தச் சுமை கப்பல் நிறுவனத்தோடு நிற்காமல் நம் சந்தைக் கடை வரை வந்து சேரும். ஆயினும் முழுப் பெருமையையும் சுற்றுக்காவலுக்கே தர எனக்கு மனமில்லை. 2005 ஆகஸ்ட்டில், சுமத்ராவின் வடமுனையிலுள்ள அச்சேயில் கிளர்ச்சியாளர்களுக்கும் இந்தோனீசிய அரசுக்கும் அமைதி உடன்பாடு ஏற்பட்டதும், நீரிணையின் வடமுனை அமைதியானதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கூட்டுக்காவல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் 2025இல் சிங்கப்பூர் நீரிணையில் திருட்டுகள் பெருகியதாகப் படித்தேன். ஒத்துழைப்பு தோற்றுவிட்டது என்றுதானே பொருள்?
— வாசகி, பிடோக்

எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. 2025ஆம் ஆண்டின் முதல் பாதியில் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 80 சம்பவங்கள் பதிவாயின. முந்தைய ஆண்டின் அதே காலத்தில் பதிவானவை 21. பெரும்பாலானவை ஃபிலிப் கால்வாயில் நடந்தன. நீரிணையில் கப்பல்கள் செல்லும் பாதை சுமார் 2.8 கிலோமீட்டராகக் குறுகும் இடம் அது. அங்கே பெரிய கப்பல்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இந்தோனீசியாவின் ரியாவ் தீவுகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இரவில் சிலர் சிறு படகில் வந்து, கப்பலின் பின்புறமாக ஏறி, இயந்திர அறையிலிருந்து உதிரிபாகங்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பல வேளைகளில் அவர்கள் போன பிறகே கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியவருகிறது.

இந்தச் சம்பவங்கள் பெரும்பாலும் ஒரு நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் நடப்பதால், சட்டப்படி இவை அந்த நாட்டின் காவல்துறை விசாரிக்க வேண்டிய ஆயுதக் கொள்ளைகளே. எந்த நாட்டுப் போர்க்கப்பலும் தலையிடக்கூடிய கடற்கொள்ளைக் குற்றம், ஆட்சிக்கடல்களுக்கு அப்பால் நடப்பது மட்டுமே. ஆகவே இந்தோனீசியக் கடலில் உள்ள ஃபிலிப் கால்வாயில் கப்பல் ஏறியவனைப் பிடிக்க சிங்கப்பூர் கடற்படை தன் விருப்பப்படி அங்கே போக முடியாது. சந்தேகப்படகு எந்தத் திசையில் போகிறது என்பதை உடனே இந்தோனீசியாவுக்குத் தெரிவிப்பதும், அவ்வழியே வரும் மற்றக் கப்பல்களை எச்சரிப்பதும்தான் அதனால் இயலும்.

உங்கள் கேள்விக்கான விடை 2025 ஜூலையில் ஓரளவு கிடைத்தது. இந்தோனீசியக் காவல்துறை ரியாவ் தீவுகளில் சிலரைக் கைதுசெய்த பின்னர் சம்பவங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. கடலில் எத்தனை கப்பல்கள் காவல் நின்றாலும், திருடியவன் திரும்பிச் செல்லும் கரையிலும், திருட்டுப் பொருளை வாங்குபவனின் கடையிலும் கைவைக்கும் வரை இது நிற்காது என்பதே என் உறுதியான கருத்து. ஒத்துழைப்பு தோற்றது என்று சொல்லமாட்டேன்; இதுவரை கடற்படைகளுக்குள் வளர்ந்த அளவுக்கு அது காவல்துறைகளுக்குள் வளரவில்லை என்று சொல்வேன். ரியாவின் மீனவக் கிராமங்களில் வருமானம் இல்லாத இளையர்களைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

சாங்கியில் பல நாட்டுக் கடற்படை அதிகாரிகள் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்வதாக, தேசிய சேவையில் இருக்கும் என் மகன் கூறுகிறான். அங்கே அவர்களுக்கு என்ன வேலை?
— வாசகர், தெம்பனிஸ்

அவர் குறிப்பிடுவது, சிங்கப்பூர்க் கடற்படை 2009இல் தொடங்கிய தகவல் ஒருங்கிணைப்பு நிலையம். வெவ்வேறு நாடுகள் தங்கள் தொடர்பு அதிகாரிகளை அங்கே அனுப்புகின்றன. ஒரு கப்பல் வழக்கத்துக்கு மாறான பாதையில் போனால், அடையாள அலைபரப்பியை அணைத்துவிட்டால், அல்லது நடுக்கடலில் காரணமின்றி நின்றால், அந்தச் செய்தி வழக்கமான அலுவல் கடிதமாகத் தலைநகரங்களைச் சுற்றிவருவதற்குள் காரியம் கைமீறிவிடும். அடுத்த மேசையில் இருப்பவரிடம் சொன்னால், அவர் தன் நாட்டுச் செயற்பாட்டு அறையை அந்தக் கணமே தொடர்புகொள்வார். போதைப்பொருள் கடத்தல், ஆட்கடத்தல், சட்டவிரோத மீன்பிடிப்பு ஆகியவையும் அவர்கள் கவனத்தில் உள்ளன.

இதிலிருந்து வேறான இன்னொரு நிலையமும் சிங்கப்பூரில் 2006 முதல் இயங்குகிறது. ஆசியாவில் கடற்கொள்ளையையும் கப்பல்கள்மீதான ஆயுதக் கொள்ளையையும் எதிர்ப்பதற்கான வட்டார ஒத்துழைப்பு உடன்பாட்டின்கீழ் அமைந்த அந்தத் தகவல் பகிர்வு நிலையத்துக்கு, ஒவ்வொரு உறுப்பு நாடும் ஓர் அமைப்பைத் தொடர்பு மையமாக நியமித்திருக்கிறது: இந்தியாவுக்குக் கடலோரக் காவல்படை, இலங்கைக்கு அதன் கடற்படை. மலாக்கா நீரிணையின் இரு கரைகளையும் தம்வசம் வைத்திருக்கும் இந்தோனீசியாவும் மலேசியாவும் இந்த உடன்பாட்டில் இன்னும் சேரவில்லை என்பது பெருங்குறை. நடைமுறையில் அவை தகவல் தருகின்றன என்றாலும், உறுப்பு நாடுகளாகவே அவை சேரும் நாளை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.

நம் வாசலில் இவ்வளவு வேலை இருக்கும்போது, சிங்கப்பூர் தன் போர்க்கப்பல்களை ஏடன் வளைகுடாவுக்கு அனுப்பியது தேவைதானா?
— வாசகர், ஜூரோங்

நம் துறைமுகத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் சூயஸ் கால்வாயையும் ஏடன் வளைகுடாவையும் கடந்துதான் வழக்கமாக வருகிறது. அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அண்மையில்தான் பார்த்தோம். 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தன. அவற்றின் கால அட்டவணை குலைந்ததால் 2024இன் நடுவில் சிங்கப்பூருக்கு வெளியே கப்பல்கள் நாள்கணக்கில் காத்து நின்றன.

சோமாலியக் கடற்கொள்ளைக்கு எதிரான பணியில் சிங்கப்பூர் 2009இல் சேர்ந்தது; பஹ்ரேனிலிருந்து இயங்கும் ‘கூட்டுக் கடற்படைகள்’ என்ற பன்னாட்டு அமைப்பின் 151ஆம் பணிக்குழுவுக்கு 2010இல் முதன்முறையாகத் தலைமையும் ஏற்றது. பல நாட்டுக் கப்பல்களுக்கு ஒரு சிறிய நாட்டின் அதிகாரி தலைமை தாங்கியது, நம் கடற்படைக்கு வேறெங்கும் கிடைத்திருக்க முடியாத பயிற்சி. அந்தப் பணிக்குழுவில் சேராத சீனாவும் இந்தியாவும்கூட, ஜப்பானோடு பேசி, வணிகக் கப்பல்களுக்குத் துணை செல்லும் நேரங்களை ஒருங்கிணைத்துக்கொண்டன. சோமாலியர்களின் தாக்குதல்கள் 2011இல் 237 ஆக இருந்தன. 2013இல் 15 ஆகக் குறைந்தன. கப்பல்களில் ஆயுதக் காவலர்களை அமர்த்தியதும் அதற்குக் காரணமே. போர்க்கப்பல்கள் மட்டும் இதைச் சாதித்தன என்பது பொருந்தாது. அவை இல்லாமலே இது நடந்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை.

மலாக்கா நீரிணைச் சுற்றுக்காவலில் இந்தியாவும் சேரப்போகிறதா?
— வாசகர், சிராங்கூன்

இந்தியா ஆர்வம் காட்டியிருக்கிறது. 2025 செப்டம்பரில் பிரதமர் லாரன்ஸ் வோங் புதுடில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், அந்த ஆர்வத்தைச் சிங்கப்பூர் பாராட்டுடன் குறிப்பிட்டது. முடிவு, சுற்றுக்காவலை நடத்தும் நான்கு நாடுகளும் சேர்ந்து எடுக்க வேண்டியது. நீரிணையின் மேற்கு வாயிலில் அந்தமான் நிக்கோபார் தீவுகளை வைத்திருக்கும் நாட்டிடமிருந்து முன்கூட்டியே தகவல் கிடைப்பது நால்வருக்கும் நல்லது. நீரிணைக்குள் கப்பல்களை அனுப்புவது வேறு விவகாரம். முதலாவதில் தொடங்குவதே பொருத்தமாக இருக்கும்.

தூத்துக்குடியைச் சேர்ந்த என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அவன் கப்பல் தாக்கப்பட்டால் யார் உதவுவார்கள்? பிடிபட்டவர்கள் உண்மையில் தண்டிக்கப்படுகிறார்களா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் நாடுகள் நெடுங்காலம் தடுமாறின. 1999 அக்டோபரில் இந்தோனீசியாவின் கோலா தஞ்சோங்கிலிருந்து அலுமினியக் கட்டிகளோடு ஜப்பானுக்குப் புறப்பட்ட அலோண்ட்ரா ரெயின்போ என்ற கப்பல் கடத்தப்பட்டது. அதிலிருந்த 17 மாலுமிகள் ஒரு மிதவையில் கைவிடப்பட்டு, நாள்கணக்கில் கடலில் தத்தளித்த பின்னர் தாய்லாந்து மீனவர்களால் காப்பாற்றப்பட்டனர். பெயர் மாற்றப்பட்டு ஓடிக்கொண்டிருந்த கப்பலை நவம்பரில் இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக்கடலில் மடக்கின. மும்பை நீதிமன்றம் 2003இல் கடத்தல்காரர்களுக்குத் தண்டனை வழங்கியது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நடுக்கடல் கொள்ளைக்கென்று இந்தியாவில் அப்போது தனிச் சட்டம் இல்லை. சோமாலியக் கரையோரத்தில் பிடிபட்டவர்களையும், விசாரிக்க நாடு கிடைக்காததால், ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு விடுவித்த நிகழ்வுகள் நேர்ந்தன.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. இந்தியா 2022இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 2024 மார்ச்சில் ருவென் என்ற கடத்தப்பட்ட சரக்குக் கப்பலை இந்தியக் கடற்படை மீட்டு, 17 மாலுமிகளைக் காப்பாற்றி, சரணடைந்த 35 பேரை மும்பைக்குக் கொண்டுவந்து காவல்துறையிடம் ஒப்படைத்தபோது, அவர்கள்மீது வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இருந்தது.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. பன்னாட்டுப் பயணம் செல்லும் சரக்குக் கப்பல்களில் ஓசையெழுப்பாத பாதுகாப்பு எச்சரிக்கைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கப்பல் பதிவான நாட்டுக்கோ நிறுவனத்துக்கோ செய்தி போகும், கப்பலில் ஏறியவர்களுக்குத் தெரியாது. அதன் இடம் எது, அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை அவர் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அருகில் உள்ள கடலோர நாட்டின் அதிகாரிகளுக்குக் கப்பல் தலைவர் வானொலியில் உடனே தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூர் நீரிணையில் அது கப்பல் போக்குவரத்துத் தகவல் சேவை. விசாரணைக்காகக் கப்பல் நிறுத்தப்பட்டுவிடுமோ என்று அஞ்சிச் சில கப்பல் தலைவர்கள் காலந்தாழ்த்துகிறார்கள். அந்தத் தாமதம், அதே இரவில் பின்னால் வரும் அடுத்த கப்பலின் மாலுமிகளை ஆபத்தில் தள்ளுகிறது. கத்தியோடு ஏறியவர்களைக் கண்டால் எதிர்த்து நிற்காமல், கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு எல்லாரும் பாதுகாப்பான இடத்தில் கூடி, தலையை எண்ணிச் சரிபார்க்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இயந்திர உதிரிபாகங்களுக்குக் காப்புறுதி இருக்கிறது.