ஆண்களுக்கான கருத்தடை ஊசி வந்துவிட்டதா? குழந்தை வேண்டும்போது அதன் விளைவை நீக்கிக்கொள்ள முடியுமா?

இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி டாக்டரிடம் போய்க் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்.

அந்த ஊசியின் பெயர் ‘ரிசக்’. காரக்பூர் ஐஐடியின் சுஜாய் குஹா 1970களிலிருந்தே இதன் பின்னால் இருக்கிறார். விதைப்பையை மரத்துப்போகச் செய்து, இரண்டு பக்க விந்துக்குழாய்களிலும் ஒரு பாலிமர் ஜெல்லைச் செலுத்துவார்கள். குழாயை வெட்டுவதில்லை. ஜெல் உட்சுவரில் படிந்து, கடந்துபோகும் விந்தணுக்களைச் சிதைத்துவிடும். ஹார்மோன் எதுவும் இல்லாததால் ஆண்மை குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2023இல் வெளியானது. திருமணமான 303 ஆண்கள், ஏழு வருடக் கண்காணிப்பு. கர்ப்பத்தைத் தடுத்ததில் 99.02 சதவீத வெற்றி. பிரமாதம்தான். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. ஜெல்லைக் கரைத்து வெளியேற்றிக் காட்டியது எலி, முயல், குரங்குகளில்தான். அந்தச் சோதனை ஆண்களிடம் அதை ஆராயவில்லை. எனவே இரண்டாவது குழந்தைக்கு இடைவெளி விடும் வழியாக இதை நான் எண்ணமாட்டேன்.

அமெரிக்காவில் தோளில் தினமும் தேய்க்கும் ஹார்மோன் ஜெல் ஒன்று சோதனையில் இருக்கிறது. நிறுத்தினால் விந்தணு உற்பத்தி திரும்பிவிடும். தேய்த்த இடம் மனைவி, குழந்தை மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் வீடுகளில் அது லேசில்லை. ஒய்சிடி-529 என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரை இன்னும் ஆரம்பக் கட்டம்தான்.

முதல் பிரசவம் முடிந்த கையோடு நர்ஸ் அக்கா என் மனைவியிடம், “காப்பர் டி போட்டுடலாமா?” என்றார். ஃப்ளாஸ்க்கோடு பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தாலும் ஆணுறையைத் தவிர நான் எதைச் சொல்லியிருப்பேன்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருந்த பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. அதிகப்படியான உதிரப்போக்கால் காப்பர் டியை எடுத்துவிட்டோம்; இப்போது ஆணுறைதான்.

இனிக் குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்குத் தழும்பில்லாத வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசம், அன்றே வீடு திரும்பலாம். ஆனால் உடனே பலன் தராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆணுறையை விடாதீர்கள்.