இசைக் கேள்வி-பதில்: எலிசபெத் காட்டனின் தலைகீழ் கிட்டார்

கேள்வி: எனக்கு இடக்கைப் பழக்கம். கிட்டாரில் கம்பிகளை மாற்றிக் கட்டச் சொல்கிறார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன் மாற்றாமலே வாசித்தாராமே, நானும் அப்படிப் பழகலாமா?

பதில்: தாராளமாக. வலக்கைக் கிட்டாரில் கம்பிகளை இடம் மாற்றினால் கழுத்து முனையில் கம்பிகள் பதியும் பள்ளக்கட்டையான நட்டில்தான் முதல் சிக்கல். மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி உட்காராது. அகலப் பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடி இரையும். உடற்பக்கம் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் பட்டையான சாடில் சாய்வாக இருப்பதால் மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டங்கள்) சுருதியும் விலகும். கம்பியைத் தொடாமல் கிட்டாரை மட்டும் திருப்பிப் பிடித்தால் இந்தத் தொல்லைகள் கிடையாது.

வட கரோலினாவின் கார்ப்ரோவில் பிறந்த காட்டன் செய்தது அதைத்தான். மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. வழக்கமாகக் கட்டைவிரல் வாசிக்கும் பாஸை (தடித்த கம்பிகளின் கீழ்ச்சுரங்களை) அவர் ஆள்காட்டி விரலால் வாசித்தார்; மெட்டு கட்டைவிரலுக்குப் போனது. சி கார்டை (சுரக்கூட்டு) பிடித்து 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி (மெல்லியது 1, தடித்தது 6) என ஆள்காட்டி விரலை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நான்கு தட்டும் பிசகாமல் வரும் வரை மெட்டைத் தொடவே வேண்டாம். பிறகு முதல் தட்டில் மட்டும் கட்டைவிரலால் 2ஆம் கம்பி. கட்டைவிரல் வலுவானது; ஓங்கி மீட்டினால் பாஸ் அமுங்கிவிடும். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. புத்தகத்தின் கார்டு படங்களில் விரல் எண்களை விட்டுவிட்டு, எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: அறுபது வயதுக்கு மேல் எப்படி மேடைக்கு வந்தார்?

பதில்: சிறுமியாக மாதம் 75 சென்ட் சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்து, 3.75 டாலருக்குக் கிட்டார் வாங்கியவர். ஐந்து மாதச் சம்பளம்! திருமணமாகி, தேவாலயத்தாரும் உலகப் பாட்டு கூடாதென்று சொல்ல, வாத்தியத்தைப் பல ஆண்டுகள் தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வழிதவறிய சிறுமி பெகி சீகரைத் தாயிடம் சேர்த்தார். அந்த வீட்டிலேயே வேலையும் கிடைத்தது. வீடு முழுக்க வாத்தியங்கள். விட்ட வாசிப்பு அங்கே விரலுக்குத் திரும்பியது. பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. தொண்ணூறை எட்டியபின், 1985இல் கிராமி விருது. தாமதமாக வந்த புகழ் என்பதை விட, தாமதமாகக் கிடைத்த வாய்ப்பு என்பதே சரி: ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ (சரக்கு ரயில்) பாட்டை அவர் இயற்றியது பதினொன்று, பன்னிரண்டு வயதில்.

கேள்வி: அந்தப் பாட்டுக்கு வேறு யாரோ உரிமை கொண்டாடினார்களா?

பதில்: ஆம். பெகி மூலம் இங்கிலாந்துக்குப் போன பாட்டு, 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி அங்கே ஹிட்டானது. இயற்றியவர்களாக வேறு இருவர் பெயர் இருந்தது. பிற்பாடுதான் காட்டனின் உரிமை ஏற்கப்பட்டது. பாட்டு எழுதுபவர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் முன்பே, பெயரும் தேதியும் சொல்லி முழுப் பாட்டையும் ஒருமுறை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.