வேற்றுமொழிக் காதல் படங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

‘ஹலோ, லவ், குட்பை’. 2019 ஜூலைக் கடைசியில் வெளியான பிலிப்பைன்ஸ் படம். இயக்கியவர் கேத்தி கார்சியா-மொலினா. கதை நடப்பது ஹாங்காங்கில். (முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

நான் ஹாங்காங்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் என்ற வணிகப் பகுதிப் பக்கம் போனால் நடைமேம்பாலம், வங்கிக் கட்டடத்தின் தரைத்தளம், சேட்டர் ரோடு என்று எங்கு பார்த்தாலும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிடுவார்கள், ஒருவருக்கொருவர் நகத்துக்குச் சாயம் பூசிவிடுவார்கள், போனில் பிள்ளைகளோடு பேசுவார்கள், ஊருக்கு அனுப்பச் சாமான்களைப் பெட்டியில் கட்டுவார்கள். முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வேலை வந்து சேரும், அதனால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். நான் அவர்களைத் தாண்டி ரயிலுக்குப் போவேன், வருவேன். ஒருவரிடம்கூட நின்று பேசியதில்லை.

படத்தின் நாயகி ஜாய் (கேத்ரின் பெர்னார்டோ) அந்தப் பெண்களில் ஒருத்தி. நர்சிங் படித்தவள், வீட்டு வேலை செய்கிறாள். ஊரில் இருக்கும் குடும்பம் அவள் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கிறது. படம் வந்த சமயத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,520 ஹாங்காங் டாலர். அது போதாமல் கிடைக்கிற சில்லறை வேலையெல்லாம் செய்கிறாள். ஒப்பந்தத்தில் உள்ள வீட்டைத் தவிர வேறெங்கு வேலை செய்தாலும் குற்றம், பிடிபட்டால் ஜெயில் என்பதால் பயந்து பயந்து செய்கிறாள். எல்லாம் கனடா போவதற்காக. அவள் காதலிக்கும் ஈதன் (ஆல்டன் ரிச்சர்ட்ஸ்) மதுக்கூடத்தில் பார்டெண்டர். அவன் குடும்பம் ஹாங்காங்கிலேயே இருக்கிறது.

இந்தக் காதலில் வில்லன் என்று யாருமில்லை, விசாதான் குறுக்கே நிற்கிறது. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஏழு வருடம் தொடர்ந்து இருந்தால் ஹாங்காங்கில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்கு அந்த வழி கிடையாது, இருபது வருடம் இருந்தாலும் சரி. 2013-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆக ஈதனுக்கு அது வேர் பிடிக்கிற ஊர், ஜாய்க்கு அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்கிற இடம். “இங்கேயே இருந்துவிடு” என்று அவன் கேட்கலாம், அதில் பொய் இல்லை. ஆனால் இருந்தால் அவள் என்னவாக இருப்பாள்? அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவளாக. அல்லது அவனுடைய மனைவியாக மட்டும். அதே ஊருக்கு முன்பே வந்து, அங்கே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு மாட்டிக்கொண்ட அம்மாவின் வாழ்க்கையை அவள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜாய் கனடாவுக்குக் கிளம்பிவிடுகிறாள். கல்நெஞ்சக்காரி என்றோ, பிற்பாடு வருந்தப் போகிறாள் என்றோ படம் ஒரு இடத்திலும் காட்டவில்லை. காதலுக்காக எல்லாவற்றையும் விட்டுவிடும் பெண்ணைத்தான் நாம் திரையில் கொண்டாடிப் பழகியிருக்கிறோம். இங்கே அவள் காதலோடுதான் போகிறாள். அவனும் அழுதுகொண்டே வழி விடுகிறான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் ‘கிலிக்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காதல் காட்சியைப் பார்க்கும்போது உள்ளுக்குள் வரும் சிலிர்ப்பு அது. முதல் பாதியில் அதற்குக் குறைவில்லை. கேத்ரினும் ஆல்டனும் அப்போது போட்டி டிவி நிறுவனங்களின் நட்சத்திரங்கள், திரையில் ஆளுக்கு வேறொரு பிரபல ஜோடி இருந்தது. இவர்களைச் சேர்த்ததே அங்கே பெரிய பேச்சு. ஆனாலும், அதுவரை வந்த பிலிப்பைன்ஸ் படங்களிலேயே அதிக வசூல் என்ற இடத்துக்கு இது போனதற்கு ஜோடி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்டில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத சொந்தபந்தம் அபூர்வம். ஜனாதிபதி கோரசோன் அக்கினோ 1988-ல் ஹாங்காங் வந்து, அங்கிருந்த வீட்டுப் பணிப்பெண்களிடம் ‘நீங்கள்தான் புதிய நாயகர்கள்’ என்று பேசினார். அந்தப் பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாய்க்கு அந்தப் பட்டம் வேண்டாம். தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும். இதைக் காதல் படம் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் சொல்லத் துணிச்சல் வேண்டும், கேத்திக்கு அது இருந்திருக்கிறது.

அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கும் சண்டையை மட்டும் நான் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.

2024-ல் ‘ஹலோ, லவ், அகெய்ன்’ என்று இரண்டாம் பாகம் வந்தது, கதை கனடாவின் கல்கரிக்குப் போய்விட்டது. அதையும் பாருங்கள். ஆனால் முதல் படம் முடிந்த கையோடு வேண்டாம், நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். அந்தப் பிரிவு கொஞ்ச நாள் பிரிவாகவே இருக்கட்டும்.