பெயரைச் சொல்லவில்லை, சரி, ஊரைச் சொல்லிவிட்டீர்களே!

அன்புள்ள தம்பி,

செவிலியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக நீங்கள் எழுதி அனுப்பிய பதில்களைப் படித்தேன். சம்பளம், இரவு டூட்டி பற்றிய பதில்களில் குறையில்லை. "நோயாளியின் அந்தரங்கத்தை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்ற கேள்வியில்தான் இடறியிருக்கிறீர்கள்.

பயிற்சிக் காலத்தில் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டியை உதாரணமாகச் சொல்கிறீர்கள். அவருடைய ஊர், தொழில், வயது, நோய் எல்லாம் அதில் இருக்கின்றன. பெயர் மட்டும்தான் இல்லை. அந்த ஊரில் அந்தத் தொழில் செய்யும் பாட்டிகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ரகசியம் காப்பேன் என்று சொல்லிக்கொண்டே ரகசியத்தைக் கொட்டிவிட்டீர்கள். எதிரே இருப்பவர் பெரும்பாலும் பல வருடம் வார்டில் நின்று பழகிய நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்ட். அவர் காதுக்கு இது தப்பாது. "வயதான ஒரு பெண் நோயாளி" என்பதோடு நிறுத்திவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்: படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தது, உடனிருந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னது, குரலைத் தாழ்த்திக் கேட்டது. அவர்களுக்குத் தேவை அதுதான்.

"ஹிப்பா சட்டப்படி" என்று தொடங்கியதையும் அடித்துவிட்டேன். அது 1996-இல் வந்த, நோயாளியின் தகவல்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம். அமெரிக்க மருத்துவமனைகளுக்காக நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக்கும் சென்னை மெடிக்கல் கோடிங் நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு அது அவசியம். நீங்கள் போவது நம்மூர் மருத்துவமனை வார்டுக்கு. சட்டம்தான் சொல்ல வேண்டுமென்றால் நம் சட்டத்தைச் சொல்லுங்கள். அதைவிட நெருக்கமான ஒன்று உங்களிடமே இருக்கிறது. முதலாண்டில் விளக்கேற்றி எடுத்துக்கொண்டீர்களே, செவிலியர்களின் நைட்டிங்கேல் உறுதிமொழி, அதிலேயே நோயாளியின் சொந்த விஷயங்களை வெளியிடமாட்டேன் என்ற வரி உண்டு. (அதை நைட்டிங்கேல் எழுதவில்லை என்பது வேறு கதை, 1893-இல் டெட்ராய்ட் நகரில் அவர் பெயரால் எழுதப்பட்டது.)

அடுத்து சூழ்நிலைக் கேள்விகள் வரும். பெரியப்பா, சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆப்பிள் பையோடு வந்து, "என்ன வியாதி, சும்மா சொல்லுங்கள் தம்பி" என்பார்கள். என்ன செய்வீர்கள்? "சொல்ல முடியாது என்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அப்படி வெடுக்கென்று பேசினால் வார்டில் சண்டைதான் வரும். "யாரிடம் பேசலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறேன், அவர் சம்மதித்தால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பேசுங்கள்" என்பேன் என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையும் குறையாது, விஷயமும் வெளியே போகாது.

கொஞ்சம் கடினமானது இது: எச்.ஐ.வி. தொற்றுள்ள நோயாளியின் மனைவி உங்களிடம் நேராக வந்து கேட்கிறார். அவர்மேல் இரக்கம் வரும், வாயும் திறக்கும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, துணைவருக்குத் தெரிவிக்கும் அனுமதி டாக்டருக்கும் ஆலோசகருக்கும்தான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. செவிலியர் சொல்லக்கூடாது. ஆகவே, "நான் சொல்லமாட்டேன், ஆனால் அவர் கேட்டதை உடனே டாக்டரிடம் தெரிவிப்பேன்" என்பதே பதில். கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் நோயின் பெயரை எழுதமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எந்த நிலையிலும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வீராப்பாக முடித்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. சிகிச்சைக்கு வந்த குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். எங்கே வாயை மூட வேண்டும், எங்கே முறைப்படி திறக்க வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

"இதில் நீங்கள் தவறியதுண்டா?" என்று கேட்டால் இல்லை என்று சாதிக்காதீர்கள். யாரும் நம்பமாட்டார்கள். கவுண்டரில் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனது, லிஃப்டில் நோயாளியைப் பற்றிப் பேசியது, இப்படி உண்மையில் நடந்த சிறிய ஒன்றைச் சொல்லி, பிறகு எப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஈ.சி.ஜி. படம் போட்ட கதை இருந்தால் அதை வேறொரு நாள் என்னிடம் சொல்லுங்கள், அவர்களிடம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுங்கள். பாட்டியின் கதையை மறுபடி சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும், அவர் எந்த ஊர் என்று கேட்பேன். பதில் சொல்லிவிடாதீர்கள்.