படகைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுவழியாக நடப்பார்களாமே, அது எப்படி முடியும்?

முடியும். நான் இருக்கும் மின்னசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லையோரம், இன்றும் அப்படித்தான் போகிறோம். காட்டுக்குள் ஏரிக்குப் பக்கத்தில் ஏரி. ஒன்று முடிந்ததும் படகைத் தூக்கிக்கொண்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும்.

முதலில் படகைத் தொடைமேல் ஏற்றி, ஒரே வீச்சில் தலைக்குமேல் கவிழ்த்து, நடுவிலுள்ள குறுக்குக்கட்டையைத் தோள்களில் உட்கார வைப்போம். முன்முனை கொஞ்சம் தூக்கியிருந்தால்தான் பாதை தெரியும். உள்ளே கொசு புகுந்தால் விரட்டக் கை இருக்காது. இப்போதைய கெவ்லர் என்ற செயற்கை இழைப் படகு இருபது கிலோ சொச்சம்தான், அதற்கே கழுத்து இறுகிவிடும்.

அந்தக் காலத்தில் எப்படி என்பதற்கு, படகும் சரக்கும் சுமந்து கடந்த பழைய பாதையான கிராண்ட் போர்ட்டேஜைப் பார்க்க வேண்டும். சுப்பீரியர் ஏரியில் கலக்கும் பிஜன் ஆற்றின் கடைசிப் பகுதி முழுக்கப் பாறையும் அருவியும். ஓர் அருவி சுமார் 36 மீட்டர். அதைச் சுற்றிப் போக அப்பகுதிப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் வைத்திருந்த பாதையின் நீளம் சுமார் 13.5 கி.மீ. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலங்குத்தோல் வாங்கி விற்ற நார்த் வெஸ்ட் கம்பெனியின் வியாபாரம் இதன் வழியாகத்தான் நடந்தது. துணியும் துப்பாக்கியும் உள்நாட்டுக்குப் போகும், பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் திரும்பி வரும். மூட்டை ஒன்று 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ. தோல்வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் ஒரு மூட்டை, அதன்மேல் இன்னொன்று. இரண்டோடு போய், வேறு இரண்டோடு ஆறு மணி நேரத்தில் திரும்பியவர்களைத் தெரியும் என்று அந்தக் கம்பெனியில் பங்குதாரராக இருந்த அலெக்சாண்டர் மெக்கன்சி 1801இல் எழுதினார். அந்தக் கூலியாட்களுக்குக் குடலிறக்கம் சகஜம்.

படகு விஷயத்தில் சூட்சுமம் வேறு. பிர்ச் மரப்பட்டையை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேரால் தைத்துப் பிசின் பூசியது அது. கனம் குறைவு, கிழிந்தால் காட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். மாண்ட்ரியாலிலிருந்து வந்த 36 அடிப் படகுகளை இந்தப் பாதையில் ஏற்றவில்லை, ஏரியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்பால் ஓடியவை சுமார் 25 அடிப் படகுகள். நிலத்தில் சுமக்க முடிகிற அளவுக்குத்தான் படகே கட்டினார்கள்.

கம்பெனியின் சாதனையாக இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாதை, படகுத் தொழில்நுட்பம் இரண்டும் அந்த மண்ணின் மக்களுடையவை. 1958இல் அங்கே தேசிய நினைவிடம் அமைக்க நிலம் கொடுத்தவர்களும் கிராண்ட் போர்ட்டேஜ் ஒஜிப்வேக்கள்தான்.

இன்றும் அந்தப் பாதையில் நடக்கலாம். போக, வர 27 கி.மீ. என்பதால், மேல்முனையான ஃபோர்ட் ஷார்லட்டில் கூடாரம் போட முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.