உங்களுக்குப் பிடித்த நகைச்சுவைப் படங்கள் எவை? அவற்றில் அப்படி எது சிரிக்க வைக்கிறது?

பெயர் மட்டும் போதும் என்றால்: காதலிக்க நேரமில்லை (1964), கரகாட்டக்காரன் (1989), மைக்கேல் மதன காமராஜன் (1990). பேசாப் படங்களில் சாப்ளினின் தி கோல்ட் ரஷ் (1925), பஸ்டர் கீட்டனின் ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928). ஆனால் நீங்கள் 'எது' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் குறும்படமோ நாடகமோ எழுதியவராக இருப்பார். படிக்கும்போது சிரிப்பு வந்தது, எடுத்த பிறகு வரவில்லை, அதுதானே? அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில், கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிறாரே, அந்தக் காட்சியை ஒரு முறை பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். நாகேஷ் சத்தங்களை வாயாலேயே போட்டுக் கதையை நகர்த்துகிறார். அது பாதிதான். மீதிப் பாதி பாலையாவின் கண்ணில் இருக்கிறது. படம் எடுக்கப் பணம் தர மறுக்கும் கறாரான அப்பா என்று அவரை முன்பே நம் மனதில் பதிய வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் மகன் அளக்கும் கதைக்கு வெலவெலத்துப் போவதால்தான் சிரிப்பு. இதே காட்சியில் பாலையா இடத்தில் சும்மா சிரித்து ரசிக்கும் ஒருவரை உட்கார வைத்தால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரி ஆகிவிடும்.

கரகாட்டக்காரனின் வாழைப்பழக் காட்சியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள் என்பீர்கள். பேசியதெல்லாம் 'டைமிங், டைமிங்' என்றுதான். அதன் மொழிக் கணக்கை யாரும் தொடுவதில்லை என்பது என் வருத்தம். இரண்டு வாங்கிவரச் சொன்னால் செந்தில் ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்டால், அதுதான் இது என்கிறார். கவனியுங்கள், தமிழில் 'இன்னொன்று' எந்தப் பழத்துக்கும் நிரந்தரப் பெயர் இல்லை. ஒன்றைத் தின்றாயிற்று என்றால் மீந்திருப்பதும் 'இன்னொன்று'தான். சொல் அளவில் செந்தில் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் கவுண்டமணிக்குப் பிடி கிடைக்காமல் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கேள்வி அதே, பதில் அதே, சூடு மட்டும் ஏறுகிறது. செந்தில் ஒரே ஒரு முறை உதட்டோரம் சிரித்திருந்தால் அவர் ஏமாற்றுக்காரர் ஆகியிருப்பார், காட்சியும் திருடனைப் பிடித்த காட்சி ஆகியிருக்கும்.

உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இதை வைத்துச் சோதியுங்கள். மூன்றாவது முறையோடு பார்ப்பவருக்கு விதி புரிந்துவிடும். நான்காவது வேண்டுமென்றால் குரலின் உயரமோ, இருவருக்கும் இடையே உள்ள தூரமோ, பக்கத்தில் நிற்கும் ஆளோ, ஏதாவது ஒன்று மாற வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த இடத்தில்தான் ஆட்கள் போனை எடுப்பார்கள்.

வசனத்தில் பெரும்பாலும் தப்பாகும் இடம் வாக்கியத்தின் வால். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். சிரிப்புக்கான சொல் நடுவில் மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் 'என்று சொன்னான்', 'என்று கேள்விப்பட்டேன்' எல்லாம் அதை அமுக்கிவிடும். 'பழைய கடனைத் தீர்க்க வந்தவன் இன்னொரு கடன் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னார்கள்' என்பதை இப்படித் திருப்புங்கள்: 'கடனைத் தீர்க்கத்தான் வந்தான். வாங்கிட்டுப் போனது, இன்னொரு கடன்.' அதற்குப் பின் ஒரு எழுத்துகூட வேண்டாம்.

சிரிப்புக்கு இடைவெளி விடுவது தனிக் கலை. மேடையில் நடிகர் சபை அடங்கும் வரை நிற்கலாம், படத்தில் நிற்க முடியாது. மேடையிலிருந்து வந்த கிரேசி மோகன் வசனம் எழுதிய மைக்கேல் மதன காமராஜனில் ஒரு வசனத்துக்கு நாம் சிரிக்கும் சத்தத்திலேயே அடுத்த வசனம் போய்விடுகிறது. நாலாவது முறை பார்க்கும்போதும் புதிதாக ஒன்று காதில் விழுகிறது. அந்த அடர்த்தி அவருக்குக் கைவந்தது. பழக்கமில்லாதவர்கள் நல்ல வசனத்துக்குப் பின் வாயே திறக்காத ஒரு செயலை வையுங்கள்: கண்ணாடியைக் கழற்றுவது, நாற்காலியை நகர்த்துவது. எடிட்டிங்கில், வசனத்தைக் கேட்டவரின் முகத்தைக் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட்டை முதலில் 24 ஃபிரேம், அதாவது ஒரு வினாடி, முழுதாக நிறுத்திப் பாருங்கள். பிறகு நாலு நாலு ஃபிரேமாகக் குறையுங்கள். எந்த இடத்தில் சிரிப்பு செத்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஷாட்டின் மேல் 'டொய்ங்' சத்தம் போடாதீர்கள். முகம் செய்யும் வேலையைச் சத்தம் பிடுங்கிக்கொள்ளும்.

தி கோல்ட் ரஷ்ஷில் புயல் மரக்குடிசையை மலை விளிம்புக்குத் தள்ளிவிடுகிறது. உள்ளே தூங்கும் இருவருக்கும் அது தெரியாது, நமக்குத் தெரியும். வெளியே தொங்கும் குடிசை, உள்ளே சாயும் தரை என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது விதி சட்டென்று பிடிபடுகிறது: இந்தப் பக்கம் வந்தால் சாயும், அந்தப் பக்கம் போனால் நிமிரும். அதன் பிறகு ஒருவர் காலை எடுத்து வைத்தாலே போதும். மைக்கேல் மதன காமராஜனின் கிளைமாக்ஸிலும் இதே மலை விளிம்பு வீடு, உள்ளே ஒரு கூட்டமே. காப்பி என்று சண்டைக்கு வருபவர்கள், அத்தனை பேரின் எடையையும் குழப்பாமல் நடத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் பார்க்க வேண்டும்.

விளக்கினால் சிரிப்பு செத்துவிடும் என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையல் தெரிந்தவருக்குப் பசி குறைந்துவிடுகிறதா?

கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழைய படங்களை அகலத் திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டி வெளியிடுகிறார்கள். அகலம் 4க்கு உயரம் 3 என்ற அளவில் உள்ள படத்தை 16க்கு 9 ஆக வெட்டினால் சரியாகக் கால் பங்கு போய்விடும். அதில் போவது நடிகரின் தலையும் காலும். உடம்பால் சிரிக்க வைப்பவருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? ஸ்டீம்போட் பில் ஜூனியரில் வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகக் கீட்டன் மேல் விழுகிறது. திறந்த ஜன்னல் அவர் நிற்கும் இடத்தில் இறங்குவதால் பிழைக்கிறார். தப்பித்தது சில அங்குல இடைவெளியில். கேமரா தள்ளி நின்று சுவரையும் மனிதரையும் ஒரே ஷாட்டில் வைத்ததால்தான் நம்புகிறோம், அவர் முகம் மாறாததால்தான் சிரிக்கிறோம். பேசாப் படங்களில் பலவும் வினாடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவான வேகத்தில் எடுக்கப்பட்டவை. அப்படியே 24இல் ஓட்டினால் ஆட்கள் துடிதுடிப்பார்கள், நிதானம் காணாமல் போகும். ஆகவே பார்க்கும் முன் ஒரு முழு உருவ ஷாட்டில் நிறுத்துங்கள். செருப்பு தெரியவில்லை என்றால், நடை ஓட்டமாகத் தெரிந்தால், வேறு பிரதி தேடுங்கள்.